தொட்டியில் வாங்கிய சோற்றுக்கற்றாழை: மூன்றாண்டு வளர்த்த பின் ஒரு மதிப்புரை

சோற்றுக்கற்றாழையை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "இதற்குப் பராமரிப்பே தேவையில்லை." அதை நம்பி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நர்சரியில் தொட்டியோடு வாங்கிவந்த செடி, ஐந்தாவது மாதத்தில் அழுகிச் செத்தது. அதன் அடியிலிருந்து பிழைத்த ஒரே ஒரு பக்கக்கன்று இன்று அகன்ற மண்தொட்டி ஒன்றை நிறைத்து நிற்கிறது. அதிலிருந்து பிரித்து நட்டவை மட்டும் ஒன்பது. தாய்ச்செடி செத்ததையும் அதன் கன்று செழித்ததையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். செடி அருமையானது, அதை விற்கும் விதத்தில்தான் பெரும் பிழை இருக்கிறது. கற்றாழையின் உறுதியெல்லாம் வறட்சியைத் தாங்குவதில் இருக்கிறது. தேங்கிய ஈரத்தைத் தாங்கும் வலு அதற்குச் சிறிதும் இல்லை. இந்த ஒன்றை விற்பவர் சொல்லியிருந்தால் என் முதல் செடி போயிருக்காது.

முதலில், வாங்குவது சோற்றுக்கற்றாழைதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கற்றாழை என்ற பெயரைத் தமிழில் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத செடிகளுக்கும் வழங்குகிறோம். ஆனைக்கற்றாழை எனப்படும் அகேவ் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் மடல் நார் மிகுந்தது, நுனியில் ஊசி போன்ற கடினமான முள் இருக்கும், சாறு தோலில் பட்டால் பலருக்கு எரிச்சலும் தடிப்பும் உண்டாகும். சோற்றுக்கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பம். அதன் மடலை வளைத்தால் நாரின் விறைப்புத் தெரியாது, நீர் நிறைந்த பையைத் தொடுவது போலிருக்கும். ஓரங்களில் சிறு பற்கள் உண்டே தவிர நுனியில் குத்தும் ஊசி இல்லை. அகேவ் இனங்களில் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒருமுறை பூத்ததும் மடிந்துவிடும். சோற்றுக்கற்றாழை முதிர்ந்த பின் ஆண்டுதோறும் பூக்கக்கூடியது. இரண்டும் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும் கடையில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவருவது எளிது, அதுவும் மடலை வெட்டித் தோலில் தடவும் எண்ணத்தோடு வாங்குகிறவர்களுக்கு அந்தத் தவறு வலியில் முடியும்.

பெயரைப் பற்றி இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். களிம்புக் குப்பிகளின் பின்புறத்தில் 'ஆலோ பார்படென்சிஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அது வேறொரு உயர்ந்த வகை என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இதே செடிதான். 1768-ஆம் ஆண்டில் பர்மன், மில்லர் என்ற இரு தாவரவியலாளர்கள் சில நாள் இடைவெளியில் இதற்குத் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். முந்திய 'ஆலோ வேரா' என்ற பெயர் நிலைத்தது, பிந்தியது குப்பிகளில் மட்டும் தங்கிவிட்டது.

நான் வாங்கிய செடி ஒரு சாண் உயரத்தில், எட்டு மடல்களோடு, மேலெல்லாம் வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் பார்க்க மிக அழகாக இருந்தது. இளஞ்செடியில் அந்தப் புள்ளிகள் இயல்பு. முதிர முதிரப் பெரும்பாலும் மறைந்துவிடும், அதை நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. குறை செடியில் இல்லை, அது நின்ற ஊடகத்தில் இருந்தது. மெல்லிய நெகிழித் தொட்டி முழுவதும் தென்னைநார்த் தூளை மட்டுமே அமுக்கி நிரப்பியிருந்தார்கள். எடை குறைவு என்பதால் அனுப்புவதற்கு வசதி, கடையில் நிற்கும் சில வாரங்களுக்கு நாள்தோறும் ஊற்றாமலே ஈரம் நிற்கும் என்பது விற்பவருக்கு இன்னொரு வசதி. அந்த வசதிதான் வாங்குபவர் வீட்டில் செடியைக் கொல்கிறது. தொட்டியைச் சுற்றி அலங்காரமாக ஒரு பீங்கான் வெளித்தொட்டியும் தந்தார்கள். அதன் அடியில் துளையே இல்லை. உடன் வந்த சிறு அட்டையில் "நாள்தோறும் சிறிதளவு நீர்" என்று அச்சிட்டிருந்தது. நானும் அச்சிட்டதை மதித்து நாள்தோறும் ஒரு குவளை ஊற்றினேன்.

நான்கு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. கற்றாழையில் இதுதான் ஏமாற்றும் இடம்: வேர் அழுகத் தொடங்கிய பிறகும் மடல்கள் தம்முள் சேர்த்துவைத்த நீரைக் கொண்டு வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அடிமடல் ஒன்று சற்றே மஞ்சளித்திருப்பதைக் கண்டு, தூசி துடைக்கும் எண்ணத்தில் விரலால் தொட்டேன். அது நனைந்த காகிதம் போல அடியோடு கழன்று கையில் வந்தது. கழன்ற இடம் தேன்நிறத்தில் கண்ணாடி போலத் தெரிந்தது, புளித்த வாடை வீசியது. செடியைத் தூக்கியபோது மொத்தமும் எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்துவிட்டது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கருத்த நான்கு நூல்கள் மட்டும் தொங்கின, அவற்றை இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. வெளித்தொட்டியின் அடியில் மூன்று விரல் ஆழத்துக்கு நீர் தேங்கிக் கிடந்தது.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் காற்று இருக்கும்வரை வேர் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளிகளையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் உயிர்வாயு இன்றி வேர்முனைகள் மடியும், மடிந்த திசுவில் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் புகுந்து மேலேறும். எல்லாச் செடிக்கும் இது பொதுதான் என்றாலும், மெல்லிய இலை கொண்ட செடிகள் நீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் மண் விரைவில் காய்கிறது. கற்றாழையோ ஊற்றிய நீரில் சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் மற்றச் செடிகளுக்கு நல்லதான அளவு இதற்குக் கேடாகிறது.

பிழைத்த கன்று என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. அதில் வெண்மையான வேர் இரண்டு இருந்தன. தாயோடு ஒட்டியிருந்த பகுதியைக் கூரிய கத்தியால் அறுத்து, அறுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை நிழலில் நான்கு நாள் வெறும் தாளின் மேல் போட்டுவைத்தேன். ஈரக்காயத்தோடு மண்ணில் வைத்தால் அங்கிருந்தே அழுகல் தொடங்கும் என்பதால் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கக் கூடாது. பிறகு பருமணல் இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு எனக் கலந்து, அடியில் துளையுள்ள சுட்ட மண்தொட்டியில் நட்டு, முதல் வாரம் முழுவதும் ஒரு சொட்டு நீரும் ஊற்றவில்லை. மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறுவதால் ஊற்றுவதில் சிறிது தவறினாலும் அது பொறுத்துக்கொள்ளும். மண்கலவையில் கையை விட்டுப் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும்; அந்தப் பதம் வந்தால் போதும், கலவையின் கணக்கு யாருக்கும் சற்று மாறலாம்.

நீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு நாட்கணக்கு வைத்துக்கொள்வதை இப்போது விட்டுவிட்டேன். செடியே சொல்கிறது. நீர் நிறைந்த மடலின் உட்பக்கம் ஏறக்குறையச் சமமாக இருக்கும். தாகம் எடுத்ததும் அது ஓடம் போலக் குழிந்து, மடலும் மெலிந்து, ஓரங்கள் உள்நோக்கி மடங்கும். அப்போது தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை தாராளமாக ஊற்றிவிட்டு, அடுத்த குழிவு வரும்வரை தொடுவதில்லை. ஊற்றிய இரண்டு மூன்று நாளில் மடல் மறுபடி பருத்து நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயில் மிகுந்த காலத்தில் இந்தச் சுழற்சி பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது, குளிர்ந்த காலத்தில் மாதம் கடந்தும் வருவதில்லை. ஒருமுறை ஏழு வாரம் வெளியூரில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது மடல்கள் விரல்போல ஒடுங்கிச் செம்பழுப்பாகிக் கிடந்தன, ஆனால் ஒன்றும் சாகவில்லை. ஒரே ஊற்றலில் மீண்டது. "பராமரிப்பே வேண்டாம்" என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இதுதான் என்று அன்று புரிந்தது.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளி போதாத மூலையில் வைத்தால் மடல்கள் வெளிறி நீண்டு தொய்ந்து விழும். நிழலில் இருந்ததைத் திடீரென உச்சிவெயிலுக்குக் கொண்டுபோனால் செங்கல் நிறமாகும், சில வாரங்களில் பழகிப் பச்சைக்குத் திரும்பும். உறைபனியை மட்டும் இது தாங்காது, மடலின் நீர் உறைந்து திசு கிழிந்துவிடும். வெப்பநிலை 5 பாகை செல்சியசை நெருங்கும்போதே உள்ளே எடுத்துவிடுவது நல்லது.

இனி, இச்செடியோடு சேர்த்து விற்கப்படும் வாக்குறுதிகளுக்கு வருகிறேன். "இரவிலும் உயிர்வாயு தரும் செடி, படுக்கையறையில் வையுங்கள்" என்று பல இடங்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதில் பாதி உண்மையைத் திரித்து முழுப் பொய்யாக்கியிருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. அப்போதே வெப்பத்தில் நீரையும் ஆவியாக இழக்கின்றன. வறண்ட மலைச்சரிவில் வாழ்ந்த கற்றாழைக்கு அந்த இழப்புக் கட்டுப்படியாகாது. ஆகவே அது இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் சேமித்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடி அந்தச் சேமிப்பிலிருந்து ஒளியின் துணையால் சர்க்கரை செய்கிறது. இரவில் கரியமில வாயுவை உள்ளிழுப்பது உண்மை. உயிர்வாயு பிறப்பதோ ஒளி பட்டு நீர்மூலக்கூறு பிளக்கும்போது மட்டுமே. இருட்டில் அது நடக்க வழியில்லை. நீரைக் காக்க இச்செடி கண்ட இத்தனை நுட்பமான ஏற்பாட்டை, படுக்கையறைக்குக் காற்று வழங்கும் கருவியாகச் சுருக்கி விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காற்றைத் தூய்மையாக்கும் என்ற கூற்றும் இதைப் போன்றதே. 1989-இல் நாசாவுக்காக நடந்த சோதனையில் காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, சில நச்சு ஆவிகள் குறைவதைக் கண்டார்கள். கற்றாழையும் அப்பட்டியலில் இருந்தது. ஆனால் காற்று வந்துபோகும் அறை என்பது மூடிய பெட்டி அன்று. இத்தகைய சோதனைகளை எல்லாம் திரட்டி 2019-இல் வெளியான மீளாய்வு ஒன்று, சன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகத் தரைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஒரு தொட்டியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அறைக்கு அழகு என்று வாங்கலாம், அது உண்மையான காரணம்.

பலர் இச்செடியை வாங்குவது மடலுக்குள் இருக்கும் சோற்றுக்காகத்தான். அதை எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். வெளிவரிசையில் உள்ள முதிர்ந்த மடலை அடியோடு ஒட்டி அறுத்ததும், அறுவாயில் மஞ்சள் நிறப் பால் துளித்துளியாகக் கசியும். காற்றுப்பட்டால் அது பழுப்பாகக் கருக்கும், நாவில் பட்டால் கசப்பு நெடுநேரம் போகாது. பச்சைத் தோலுக்கு அடியிலேயே ஓடும் குழாய்களில் ஊறுவது அது. அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் சித்த மருத்துவத்தில் வழங்கும் கரியபோளம் என்னும் மூசாம்பரம். தெளிந்த சோறு அதற்கும் உள்ளே இருக்கிறது. மடலை ஒரு கிண்ணத்தில் அறுவாய் கீழாகக் கால்மணி நேரம் சாய்த்து நிறுத்திவைத்தால் பாலின் பெரும்பகுதி வடிந்துவிடும். பிறகு இரு ஓரப் பற்களையும் சீவி, மேல்தோலைக் கத்தியைப் படுக்கவைத்து உரித்தால், கண்ணாடிக் கட்டி போன்ற சோறு வழுவழுவென்று கைநழுவும். அதை ஓரிரு முறை நீரில் அலசியே பயன்படுத்துகிறேன்.

கடையில் வாங்கும் களிம்புக் குப்பியோடு இதை ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படுவது நிறம். மடலுக்குள் இருக்கும் சோற்றுக்கு நிறமே இல்லை. குப்பியில் இருக்கும் பளிச்சென்ற பச்சை, சாயம் சேர்த்து வந்தது. சோற்றில் 98 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான், எஞ்சிய சிறு பகுதியில்தான் அசிமானன் முதலான கூட்டுச் சர்க்கரைகள் உள்ளன. அதைக் கெடாமல் மாதக்கணக்கில் வைக்கப் பதப்படுத்திகளும், கெட்டியாக்கும் பொருள்களும், சிலவற்றில் ஆல்கஹாலும் சேர்க்கிறார்கள். ஆல்கஹால் கலந்தது எரிந்த தோலில் பட்டால் குளிர்ச்சிக்குப் பதில் எரிச்சலே மிஞ்சும். புதிதாக எடுத்த சோற்றில் அந்தத் தொல்லை இல்லை. மாறாக, அறுத்த ஒரு நாளுக்குள் அது நீர்த்து ஓடி இளஞ்சிவப்பாகத் திரிந்துவிடுகிறது. குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்ததை நான் தோலில் தொடுவதில்லை. தேவைக்கு ஒரு மடல் என்று அறுத்துக்கொள்ள முடிவதே செடியை வைத்திருப்பதன் பயன்.

அது எதற்கு உதவுகிறது? வெயிலில் கன்றிய தோலுக்கும் கைச்சூட்டுக்கும் அது தரும் குளிர்ச்சியை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். 2007-இல் வெளியான ஒரு மீளாய்வு, நான்கு ஆய்வுகளில் பங்கேற்ற 371 பேரின் தீக்காயங்களைப் பார்த்து, கற்றாழை பயன்படுத்தியவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் முன்னதாக ஆறியதாகக் கூறியது. அந்த ஆய்வுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைக் கற்றாழைப் பொருளைப் பயன்படுத்தியவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதற்கு மாறாக, 1991-இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் திறந்து நின்ற புண்களில் கற்றாழைக் களிம்பு இட்டவர்களுக்கு ஆற 83 நாளும், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களுக்கு 53 நாளும் ஆயின. மேலோட்டமான சிறு சூட்டுக்காயத்துக்குச் சோறு போதும். ஆழமான புண்ணுக்கும் கொப்புளம் உடைந்த காயத்துக்கும் மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வருவதும் உண்டு என்பதால், முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒருநாள் பார்ப்பது நல்லது.

உட்கொள்வதைப் பற்றி என் கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் அறுத்த மடலை முழுதாக அரைத்துக் குடிப்பதை நான் ஏற்கவில்லை. மஞ்சள் பாலில் உள்ள அலோயின் என்னும் பொருள் கடும் பேதியை உண்டாக்கும். அதைக் கொண்ட பேதி மருந்துகளின் பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று, மருத்துவர் சீட்டின்றி விற்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-இல் நிறுத்தியது. பால் நீக்காத முழுமடல் சாற்றை எலிகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்த சோதனையில் பெருங்குடலில் கட்டிகள் தோன்றியதை ஒட்டி, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. இது பால் கலந்த முழுமடல் சாற்றைப் பற்றியது, அலசிய சோற்றைத் தோலில் தடவுவதைப் பற்றியதன்று. கருவுற்றவர்கள் இந்த மஞ்சள் பாலின் பக்கமே போகக் கூடாது. பூனையும் நாயும் மடலைக் கடித்தால் வாந்தியும் பேதியும் காணும். வீட்டில் அவை இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இந்த எச்சரிக்கை எதுவும் என் செடியோடு வந்த அட்டையில் இல்லை.

பூச்சித் தொல்லை மிகக் குறைவு. மடலின் கக்கங்களில் வெண்பஞ்சு போல மாவுப்பூச்சி இரண்டுமுறை வந்தது, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்ததோடு போயிற்று. கன்று விடுவதில்தான் இதன் தாராளம் தெரிகிறது. நட்ட இரண்டாம் ஆண்டில் தொட்டியின் ஓரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பென்சில் முனை போன்ற முதல் கன்று எட்டிப்பார்த்தது. அதற்குப்பின் நிற்கவே இல்லை. கன்றுகளைப் பிரிக்காமல் விட்டால் தொட்டி நெருங்கித் தாய்மடல்கள் மெலிகின்றன, ஆகவே நான்கு விரல் உயரம் வந்ததும் பிரித்துவிடுகிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், செடிக்கு நாலரை தருவேன். பனி தாங்காமையும் வழுக்கும் மடல்களை எடுத்தாளும் சிரமமும் அரைப் புள்ளியைக் குறைக்கின்றன. நான் வாங்கிய நிலையில் இருந்த தொட்டிக்கும் ஊடகத்துக்கும் அட்டைக்கும் சேர்த்து ஒரு புள்ளிக்கு மேல் தர மனம் வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் செடியின் கழுத்தை, அதாவது மடல்கள் மண்ணைத் தொடும் இடத்தை, இலேசாக அசைத்துப் பார்க்கட்டும். ஆடாமல் நின்றால் வேர் இருக்கிறது. அடிமடல் கண்ணாடி போல ஊடுதெரிந்தால் எவ்வளவு பெரிய செடியானாலும் வேண்டாம். கன்றோடு இருக்கும் செடி கிடைத்தால் அதையே எடுக்கலாம், எனக்கு மிஞ்சியது அந்தக் கன்றுதான். வீட்டுக்கு வந்த அன்றே தூளை உதிர்த்து மணற்பாங்கான மண்ணுக்கு மாற்றிவிட்டு, உடன் வரும் அட்டையைக் கிழித்தெறியலாம். என் மண்தொட்டியின் நடுவிலிருந்து இந்த மாதம் முதன்முறையாக ஒரு பூந்தண்டு முழங்கை உயரத்துக்கு எழுந்திருக்கிறது. மஞ்சள் குழல்பூக்கள் அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக விரிந்துகொண்டிருக்கின்றன.